ஏழு தட்டுல ஒரு இங்கிலீஷ் பேரு: ஜப்பான் ராக் பாட்டுக்காரங்க யார்கிட்ட இருந்து என்ன எடுத்தாங்க

ஹாப்பி எண்ட்னு ஒரு பேண்ட். பேரு சுத்த இங்கிலீஷ், ஆனா அவங்க அத எழுதினது ஹிரகானால, அதாவது ஜப்பான்ல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க முதல்ல கத்துக்குற எழுத்துல. வெளிநாட்டு வார்த்தைய எழுத அங்க கடகானான்னு தனி எழுத்தே இருக்கு, அத விட்டுட்டு வேணும்னே இப்படி எழுதினாங்க. அப்படி எழுதி வாசிச்சா "ஹ-ப்-பி-இ-எ-ன்-தொ"ன்னு ஏழு தட்டு வரும். அமெரிக்கால இருந்து வந்த வார்த்தை, ஜப்பான்காரன் வாய்க்கு ஏத்த மாதிரி நீண்டு உக்காந்துடுச்சு. இந்த பேர நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், ஏன்னா அந்த பேண்டு செஞ்ச வேலை மொத்தமும் இந்த பேர்லயே இருக்கு.

இந்த தட்டு விஷயத்த தமிழ் தெரிஞ்சவங்களுக்கு சுலபமா சொல்லிடலாம், நம்ம மாத்திரை கணக்குதான். குறில் ஒண்ணு, நெடில் ரெண்டுன்னு படிச்சோம்ல, ஜப்பானிய மொழியும் அப்படியேதான் எண்ணும். டோக்கியோன்னு நாம சொல்றது அங்க "தொ-ஒ-க்யொ-ஒ", நாலு தட்டு. ஒரே வித்தியாசம், நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவங்க "ன்"னுக்கும், ஹப்பில வர்ற அந்த "ப்"புக்கும் முழுசா ஒரு தட்டு குடுக்கணும். இப்போ இத வச்சு ராக் பாட்டு எழுதுங்க பாப்போம். இங்கிலீஷ்ல ஐ லவ் யூன்னு மூணு சுரத்துல சொல்லி முடிச்சிடலாம், அதையே ஜப்பானிய மொழில எதையும் விடாம முழு வாக்கியமா சொன்னா 15 தட்டு. டிரம்ஸ் ரெண்டு அடி அடிக்கிற நேரத்துல இங்கிலீஷ் பாட்டுக்காரன் ஒரு கதையே சொல்லிடுவான், ஜப்பான்காரன் ஒரு வார்த்தைய பாதிதான் தாண்டியிருப்பான்.

இதனாலதான் 1970 வாக்குல அங்க பெரிய வாக்குவாதமே நடந்துச்சு, ஜப்பானிய மொழில ராக் பாட முடியுமா முடியாதான்னு. பத்திரிகைல உக்காந்து பேசி அச்சடிச்சு சண்ட போட்டாங்க. முடியாது, தேவையும் இல்ல, உலகத்துக்கு போகணும்னா இங்கிலீஷ்லதான் பாடணும்னு நின்னவர் ராக் பாடகர் யூயா உச்சிதா. அவர் தயாரிச்ச ஃப்ளவர் ட்ராவலின் பேண்ட் இங்கிலீஷ்ல பாடுச்சு, கனடா வரைக்கும் போச்சு, 1971ல வந்த அவங்க "சடோரி" ஆல்பத்த இன்னிக்கும் ஹெவி ராக் ரசிகர்கள் தேடி வாங்குறாங்க. அதனால உச்சிதா சொன்னத லேசா எடுத்துக்க முடியாது. எதிர் பக்கம் நின்னது ஹாப்பி எண்ட், நாலு பேரு: ஹருவோமி ஹோசோனோ, எய்ச்சி ஓதகி, ஷிகேரு சுசுகி, அப்புறம் டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டே எல்லாருக்கும் வரி எழுதின தகாஷி மட்சுமோட்டோ.

இவங்க காதுக்கு அமெரிக்க பாட்டு எப்படி வந்துச்சுன்னு பாக்கணும், அது தெரியாம இந்த கதை புரியாது. போர் முடிஞ்சு 1945ல இருந்து 1952 வரைக்கும் நாடு ஆக்கிரமிப்புல இருந்துச்சு, அதுக்கப்புறமும் அமெரிக்க ராணுவத் தளம் எல்லாம் அங்கயே இருந்துச்சு. அங்க இருக்குற சிப்பாய்களுக்காக எஃப்இஎன்னு ஒரு ரேடியோ, அத சுத்தி இருந்த ஊர் பசங்க எல்லாம் கேட்டாங்க. ராத்திரி போர்வைக்குள்ள எல்விஸ் பிரெஸ்லி கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1965ல வெஞ்சர்ஸ்ங்குற அமெரிக்க கிட்டார் பேண்டு வந்து வாசிச்சதும் நாடு முழுக்க எலக்ட்ரிக் கிட்டார் பைத்தியம், 1966 ஜூன் கடைசில பீட்டில்ஸ் புடோக்கான் அரங்கத்துக்கு வந்தாங்க, அதுக்கப்புறம் ஒரே மாதிரி யூனிஃபார்ம் போட்ட பேண்டுங்க கணக்கில்லாம முளைச்சுது. ஆனா அந்த பேண்டுங்களோட ஹிட் பாட்ட பெரும்பாலும் தொழில்முறை இசையமைப்பாளரும் கவிஞரும் எழுதிக் குடுத்தாங்க, பசங்க வாசிச்சாங்க, அவ்வளவுதான். ரெக்கார்டு வாங்குறதும் லேசான காரியம் இல்ல. 1949ல இருந்து 1971 வரைக்கும் ஒரு டாலருக்கு 360 யென்னு அசையாத ரேட்டு, இறக்குமதி இசைத்தட்டு ஒண்ணு வாங்குறது ஒரு மாணவனுக்கு பெரிய செலவு. அதனால ராக் காபிக் கடைங்க இருந்துச்சு, ஒரு காபிக்கு காசு குடுத்துட்டு மணிக்கணக்கா உக்காந்து அந்த கடைல இருக்குற தட்ட கேக்கலாம். ஒரு பாட்ட மறுபடி கேக்க இன்னொரு தடவ கடைக்கு வரணும்னா எவ்ளோ காத தீட்டிக்கிட்டு கேப்பீங்க? ஜப்பான் பாட்டுக்காரங்க ஒவ்வொரு தட்டுலயும் பாஸ் வாசிச்சது யாரு, அரேஞ்ச்மெண்ட் யாருன்னு பின்னட்டைய மனப்பாடமா சொல்ற பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

ஹாப்பி எண்ட் ஆளுங்களுக்கு ரொம்ப புடிச்சது பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்டு, மோபி க்ரேப் மாதிரி அமெரிக்க மேற்குக் கரை பேண்டுங்க. அவங்கள உத்து கேட்டப்போ, இந்த ஆளுங்க அவங்க ஊர் பழைய ஃபோக், கண்ட்ரி, ப்ளூஸ்னு தோண்டி எடுத்துதான் புதுசா ஒண்ணு செய்றாங்கன்னு புரிஞ்சுது. அப்போ அவங்க மாதிரி ஆகணும்னா அவங்க பாட்ட வாசிச்சா பத்தாது, அவங்க செஞ்சத செய்யணும், நம்ம ஊர தோண்டணும். இதுதான் அந்த நாலு பேரோட பெரிய கண்டுபிடிப்புன்னு எனக்கு தோணுது, அதுக்கப்புறம் அம்பது வருஷ ஜப்பான் பாட்டு இதுல இருந்துதான் கிளம்புது.

1970 ஆகஸ்ட்ல முதல் ஆல்பம். அட்டைல மாங்கா ஓவியர் செய்ச்சி ஹயாஷி வரைஞ்ச படம், அதுல "வேகவச்ச நூடுல்ஸ்"னு ஒரு கடை போர்டு, அதனாலயே எல்லாரும் அந்த ஆல்பத்த நூடுல்ஸ் ஆல்பம்னுதான் கூப்புடுறாங்க. முதல் பாட்ட போட்டா கனமான, எரிச்சலான கிட்டார் வருது, சரி ஏதோ புரட்சிதான்னு நினைச்சா, ஓதகி அடித்தொண்டைல பாடுறது புதுவருஷத்துக்கு வீட்ல எல்லாரும் சூடு மேசைய சுத்தி உக்காந்து அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப்பு குடிச்சுக்கிட்டே சீட்டு விளையாடுனத பத்தி. இப்போ அவன் தனியா இருக்கான், வீட்ட விட்டு வந்துட்டான். பொங்கலுக்கு ஊருக்கு போகாம ரூம்லயே கிடக்குற பையனுக்கு கனமான ராக் வாசிச்சா எப்படி இருக்கும், அந்த வலிதான். ராக்ல சொல்லக்கூடாததுன்னு எல்லாரும் நினைச்ச வீட்டுச் சங்கதிய மட்சுமோட்டோ அப்படியே தூக்கி வச்சாரு.

அடுத்த வருஷம் 1971ல "கஸெமாச்சி ரோமன்". கஸெமாச்சின்னா காத்து ஊரு. மட்சுமோட்டோ டோக்கியோ அவோயாமால பொறந்தவர், 1964 ஒலிம்பிக்ஸுக்காக ரோடு அகலப்படுத்தி அந்த ஏரியா முகமே மாறிப்போச்சு, டிராம் வண்டிங்கள 1967ல இருந்து 1972க்குள்ள கிட்டத்தட்ட மொத்தமா எடுத்துட்டாங்க. இல்லாம போன அந்த ஊருதான் காத்து ஊரு. இதுல இருக்குற "கஸெ வோ அட்சுமெதெ" பாட்டுல, அப்பதான் தூக்கம் கலைஞ்ச டிராம் வண்டி ஒண்ணு கடல தாண்டிப் போறத பாத்ததா வருது. இந்த "பாத்தேன்"ல ஒரு சூட்சுமம் இருக்கு. பாட்டுல வர்ற வினை "தேசு"ன்னு முடியுது, அது மரியாதைப் பேச்சு, நம்ம கொங்கு பக்கம் "பாத்தேனுங்க"ன்னு சொல்ற மாதிரி. ராக் பாட்டுல போய் யாராவது ங்க போட்டு பேசுவாங்களா? பேசினாங்க. அந்த ஒரு ஒட்டு சேந்ததும் வரி கடைசில ஒரு மென்மையான தட்டு கூடுது, மெட்டு அங்க போய் இளைப்பாறுது. இன்னொன்னு, ஒரு தட்டுக்கு ஒரு சுரம்னு இருந்த கணக்க ஹோசோனோ தளர்த்திட்டாரு, ஒரு உயிர ரெண்டு மூணு சுரத்துக்கு இழுத்தாரு, இன்னொரு இடத்துல ரெண்டு தட்ட ஒரே சுரத்துல அடைச்சாரு. அவரோட குரல் இயல்பாவே கீழ்ஸ்தாயி, அத எப்படி பாட்டுல வைக்கிறதுன்னு அவருக்கு வழி காட்டினது ஜேம்ஸ் டெய்லரோட ரெக்கார்டுங்க. அமெரிக்காகாரன் கிட்ட இருந்து எடுத்தது தொண்டைய வச்சிருக்குற விதம், வரி முழுக்க அவோயாமா தெரு. எனக்கு இந்த பாட்டு எப்போ கேட்டாலும் காலைல முதல் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்த மாதிரி இருக்கும், மொழி ஒரு வார்த்தை தெரியாத காலத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. 2003ல லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன் படத்துல வந்ததுக்கு அப்புறம் வெளில நிறைய பேருக்கு தெரிஞ்சுது.

மூணாவது ஆல்பத்துக்கு 1972ல லாஸ் ஏஞ்சலிஸ் போனாங்க, பீச் பாய்ஸோட வேலை செஞ்ச வான் டைக் பார்க்ஸ் ஸ்டுடியோவுக்கு வந்து சேந்துக்கிட்டாரு, கடைசி பாட்டு அவரும் இவங்களும் சேந்து எழுதினது, தலைப்பு "சயோனாரா அமெரிக்கா, சயோனாரா நிப்பான்". ரெண்டு ஊருக்கும் டாட்டா. ஆல்பம் 1973ல வந்தப்போ பேண்டு கலைஞ்சிருந்துச்சு.

ஹோசோனோ அதுக்கப்புறம் போன இடம் சயாமா. டோக்கியோ பக்கத்துல சைதாமா மாகாணம், அங்க அமெரிக்க விமானத் தளத்து ஆளுங்களுக்காக கட்டின ஒத்த மாடி மர வீடுங்க காலியா கிடந்துச்சு, பாட்டுக்காரங்களும் ஓவியர்களும் வாடகைக்கு குடிபோனாங்க. 1973ல அந்த வீட்டுக்குள்ளயே ரெக்கார்டிங் மெஷின கொண்டுவந்து இறக்கி ஆல்பம் போட்டாரு, பேரு "ஹோசோனோ ஹவுஸ்". கேட்டா வீட்டு வாசம் அடிக்கும், ரூம் சின்னதுன்னு டிரம்ஸ் சத்தத்துலயே தெரியும். இந்த ஆல்பத்த ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவேன்.

அப்புறம்தான் அவர் மார்ட்டின் டென்னி பக்கம் திரும்புறாரு. டென்னி அமெரிக்காகாரர், ஹவாய்ல ஹோட்டல் பார்ல பியானோ வாசிச்சவர், 1950கள்ல ஆசியா, பசிபிக் தீவுன்னு ஒரு கற்பனைய ஜாஸ்ல கலந்து எக்ஸாட்டிகான்னு வித்தாங்க, பின்னாடி பறவைக் குரல் தவளைக் குரல் எல்லாம் வரும். ஒரு ஆசியாகாரனுக்கு அத கேட்டா கோவம் வரலாம், நியாயம்தான். ஹோசோனோ வேற மாதிரி யோசிச்சாரு. அமெரிக்காகாரன் கண்ணுல தெரிஞ்ச பொய்யான கிழக்க, கிழக்குல இருக்குற நான் திரும்ப எடுத்து வாசிச்சா அது என்ன ஆகும்? 1975ல இருந்து 1978 வரைக்கும் மூணு ஆல்பம் இந்த வழில போட்டாரு. 1978ல ரியூஇச்சி சகமோட்டோவையும் யுகிஹிரோ தகஹாஷியையும் வீட்டுக்கு கூப்புட்டு ஒரு குறிப்ப காட்டினாரு: டென்னியோட ஃபயர்கிராக்கர் பாட்ட சிந்தசைசர்ல டிஸ்கோவா பண்றோம், உலகம் முழுக்க 40 லட்சம் சிங்கிள் விக்கிறோம். அப்படி பொறந்ததுதான் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா, சுருக்கமா ஒய்எம்ஓ.

அதே 1978ல ஓவியர் டடனோரி யோகூவோட ஹோசோனோ இந்தியா வந்தாரு. வந்த இடத்துல வயித்துப்போக்குல ரொம்ப அவதிப்பட்டாரு. திரும்பி போய் போட்ட ஆல்பம் "கொச்சின் மூன்", அதுல ஹோட்டல் மலபார்னு மூணு பாட்டு, ஹெபடைடிஸ்னு ஒண்ணு, "மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்"னு ஒண்ணு. நம்ம மெட்ராஸ் பேரு ஒரு ஜப்பான் சிந்தசைசர் ஆல்பத்துல அச்சாயிருக்குறத முதல்ல பாத்தப்போ எனக்கு ஒரு சிலிர்ப்பு. அட்டைய யோகூ நம்ம சினிமா போஸ்டர் ஸ்டைல்ல பண்ணியிருப்பாரு.

ஒய்எம்ஓல சகமோட்டோ தனி கதை, அவரு பல்கலைக்கழகத்துல முறையா கம்போசிஷன் படிச்சவர், சின்ன வயசுல இருந்தே ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி மேல உயிரு. டெபுஸியே ஆசிய இசைய கேட்டு மாறினவர், ஆக அங்கயும் அதே வட்டம்தான். ஃபயர்கிராக்கர் 1980ல இங்கிலாந்து சார்ட்ல முதல் இருபதுக்குள்ள வந்துச்சு, அதே வருஷம் ஒய்எம்ஓ அமெரிக்க டிவில சோல் ட்ரெயின் நிகழ்ச்சில வாசிச்சாங்க, நியூயார்க் ஹிப்ஹாப் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா அத எடுத்துக்கிட்டாரு. ஹவாய் பார்ல அமெரிக்காகாரன் கற்பனை பண்ண ஆசியா, டோக்கியோ போய் மெஷின்ல ஏறி, ப்ராங்க்ஸ் பார்ட்டிக்கு போய் சேந்துச்சு.

ஓதகி எடுத்த பாதை வேற. அவர் வடக்க இவாதே மாகாணத்துக்காரர், கேட்ட பாட்டு எதையும் மறக்காத மனுஷன். 1983ல ஒரு கருத்து சொன்னாரு, ஜப்பான் பாட்ட பத்தி பேசுற எவரும் இத தாண்டிப் போக முடியாது. பின்னக் கணக்கு மாதிரி பாருங்கன்னாரு. மேல ஜப்பான், கீழ, அதாவது பகுதி எண் நிக்குற இடத்துல, உலகம். மேய்ஜி காலத்துல இருந்து, அதாவது 1868ல இருந்து, ஜப்பான்ல வந்த பாட்டு எல்லாத்துக்கும் அடில மேற்கத்திய இசைதான் பகுதியா நிக்குது.

இதுக்கு ஒரு உதாரணம் நான் சொல்றேன். 1880கள்ல பள்ளிக்கூடத்துல மேற்கத்திய இசை சொல்லிக்குடுக்க பாட்டுப் புத்தகம் போட்டாங்க, அதுல ஆல்ட் லேங் சைன்ங்குற ஸ்காட்லாந்து மெட்ட எடுத்து மின்மினி வெளிச்சத்துல படிச்சோம்னு ஜப்பானிய வரி போட்டாங்க. ஏன் ஸ்காட்லாந்து? அந்த மெட்டு அஞ்சு சுரம்தான். மேற்கத்திய ஸ்கேல்ல நாலாவதும் ஏழாவதும் கிடையாது, அங்க அதுக்கு யோனானுகின்னே பேரு, யோன்னா நாலு, னான்னா ஏழு, நுகின்னா எடுத்தது. நமக்கு சொல்லணும்னா மோகனம். ச ரி க ப த. பழைய ஜப்பான் காதுக்கு அது அந்நியமா படல. இன்னிக்கும் அங்க கடை சாத்துற நேரத்துல இந்த மெட்டு ஒலிக்கும், கேக்குறவங்களுக்கு அது ஸ்காட்லாந்துன்னு ஞாபகம் வருமா, அது அவங்க பள்ளிக்கூட ஞாபகம். ஓதகி சொன்னதும் இதத்தான், காலம் போகப் போக கீழ இருக்குற உலகம் மறந்துபோகுது, பழைய ஜப்பான் பாட்டே அடுத்த தலைமுறைக்கு பகுதியா ஆயிடுது.

அவரு தன்னோட பகுதிய மறைக்கவே மாட்டாரு. 1981 மார்ச் 21ல வந்த "எ லாங் வெகேஷன்" அப்பட்டமா ஃபில் ஸ்பெக்டர்ங்குற அமெரிக்க தயாரிப்பாளரோட சத்தம். ஸ்டுடியோல நாலஞ்சு அகூஸ்டிக் கிட்டார், ஒண்ணுக்கு மேல பியானோ, பெர்கஷன் எல்லாம் ஒரே நேரத்துல வாசிக்க வச்சு பதிவு பண்ணா ஒவ்வொரு வாத்தியமும் அடுத்ததோட மைக்ல போய் கலந்து, தனித்தனியா பிரிக்க முடியாத ஒரே சுவரா எழும்பும். அந்த ஆல்பம் உண்மைல 1980ல வர வேண்டியது. வரி எழுத ஒத்துக்கிட்ட மட்சுமோட்டோவோட தங்கச்சி அந்த நேரத்துல இறந்துட்டாங்க. அவரால எழுத முடியல, வேற யாரையாவது பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாரு. ஓதகி வேற யாரையும் தேடல, ஆல்பத்த தள்ளி வச்சுட்டு நண்பன் எழுதுற வரைக்கும் காத்திருந்தாரு. டோக்கியோ ஷிபுயா ஏரியால நடந்தப்போ ஊரே நிறம் செத்து கருப்பு வெள்ளையா தெரிஞ்சுதுன்னு மட்சுமோட்டோ பின்னாடி சொல்லியிருக்காரு. முதல் பாட்டுல ஞாபகம் எல்லாம் கருப்பு வெள்ளை, அதுக்கு நிறம் குடுன்னு வருதே, அந்த வரி அங்க இருந்து வந்தது. மேல கேட்டா நீச்சல் குளம், நீல வானம், ஸ்பெக்டர் கால அமெரிக்க டீனேஜ் சந்தோஷம். அடில ஒரு அண்ணனோட துக்கம். சத்தத்த எங்க இருந்து எடுத்தாங்கன்னு மட்டும் பேசிட்டு போனா இது தெரியாமலே போயிடும்.

பாடகி யுமி அராய், பின்னாடி மட்சுதோயா, டோக்கியோ பக்கம் ஹச்சியோஜில கிமோனோ கடை வச்சிருந்த வீட்டுப் பொண்ணு. பக்கத்துல தாச்சிகாவா தளம், அங்க இருந்து ரெக்கார்டு கிடைச்சுது, படிச்சது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம், அங்க பைப் ஆர்கன். ப்ரோக்கல் ஹாரம்ங்குற இங்கிலாந்து பேண்டோட "எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்" கேட்டதும் அந்த ஆர்கனும் ராக்கும் அவங்களுக்குள்ள ஒண்ணா சேந்துச்சு. 1973ல முதல் ஆல்பம், வாசிச்சது ஹோசோனோ, சுசுகி கூட்டம்தான். 2012ல அதே ப்ரோக்கல் ஹாரமோட சேந்து ஜப்பான்ல மேடை ஏறினாங்க.

பாடகர் தட்சுரோ யமஷிதா பீச் பாய்ஸ் பக்தர். 1972ல நண்பர்களோட சொந்தக் காசுல பாதிக்கு பீச் பாய்ஸ் பாட்டா ஒரு தட்டு போட்டாரு, கொஎஞ்சில ஒரு ராக் காபிக் கடைல அது ஒலிச்சு, அந்த வழியா ஓதகி காதுக்கு போய், 1975ல அவரு பேண்டு ஷுகர் பேப் ஓதகியோட லேபிள்லயே வந்துச்சு. முதல் சோலோ ஆல்பத்துக்கு ஃபோர் சீசன்ஸ்ங்குற அமெரிக்க குழுவுக்கு அரேஞ்ச் பண்ண சார்லி கலெல்லோவ தேடி நியூயார்க்குக்கே போனாரு, 1980ல டூவாப்ங்குற பழைய அமெரிக்க கூட்டுக்குரல் பாட்டுங்கள தானே எல்லா குரலும் பாடி ஒரு ஆல்பம் போட்டாரு. அவர் மனைவி மரியா தகேஉச்சி 1984ல பாடின பிளாஸ்டிக் லவ் யூட்யூப் வழியா பரவினத உங்கள்ல பாதி பேரு கேட்டிருப்பீங்க, அதுல அரேஞ்ச்மெண்ட் இவரோடது.

ஷிபுயா இறக்குமதி ரெக்கார்டு கடைங்கள சுத்தி வளர்ந்த ஃப்ளிப்பர்ஸ் கிட்டார்ங்குற பேண்டு 1989ல முதல் ஆல்பத்த மொத்தமா இங்கிலீஷ்லயே பாடினாங்க, தலைப்பே ஆரஞ்ச் ஜூஸ்ங்குற ஸ்காட்லாந்து பேண்டோட பாட்டு ஒண்ணோட பேரு. அடுத்ததுல ஜப்பானிய மொழிக்கு வந்துட்டாங்க. ப்ளூ ஹார்ட்ஸ்ங்குற ஜப்பான் பேண்டு பங்க் ராக்க வெறும் எளிமையான ஜப்பானிய மொழில பாடினப்போ, அத கேட்டு ஸ்பிட்ஸ் பேண்டோட மசமுனே குசானோ தான் செய்ய நினைச்சத இவங்க செஞ்சுட்டாங்களேன்னு கொஞ்ச காலம் ஓய்ஞ்சே போயிட்டாரு. இங்க பகுதி இங்கிலாந்தும் இல்ல அமெரிக்காவும் இல்ல, பக்கத்து தெரு பேண்டு.

பாடகர் ஹோஷினோ கென் இன்னும் சுவாரசியம். 2016ல அவரோட "கொய்" பாட்டுக்கு ஜப்பானே ஆடுச்சு, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடி அவர் ஆரம்பிச்ச வாத்திய பேண்டோட பேரு சேக் ராக், அது மார்ட்டின் டென்னி பாட்டு ஒண்ணோட பேரு. டென்னிகிட்ட அவர் போனது ஹோசோனோ வழியா.

சயாமா வீட்டுக்கு வர்றேன்னு சொன்னேன். 2019ல ஹோசோனோ தன் 71 வயசுல அந்த ஆல்பத்த தனியா உக்காந்து முழுசா திரும்ப பண்ணாரு, பேரு "ஹோச்சோனோ ஹவுஸ்". அந்த சமயத்துல கொஞ்ச காலம் ஜப்பான்ல இருந்த இங்கிலாந்து பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் காதுல பழைய "ஹோசோனோ ஹவுஸ்" விழுந்துச்சு, அந்த தலைப்பு அவர் மனசுல தங்கிப்போச்சு. 2022ல அவர் போட்ட ஆல்பத்துக்கு வச்ச பேரு "ஹாரிஸ் ஹவுஸ்", எங்க இருந்து வந்துச்சுன்னு பேட்டில அவரே சொன்னாரு. 2023ல அது வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு கிராமி வாங்குச்சு. அமெரிக்க ராணுவத்துக்காக கட்டின ஒரு மர வீட்ல ஜேம்ஸ் டெய்லர் கேட்டுக்கிட்டு ஒரு ஜப்பான்காரர் போட்ட தட்டு, இப்போ ஒரு இங்கிலீஷ்காரர் ஆல்பத்துக்கு கீழ பகுதியா நிக்குது.